விழுந்தபோது தாங்கியவர்களுக்கு

அன்புள்ள வார்டு சொந்தங்களுக்கு,

கட்டுப் பிரித்தாயிற்று. வலது கையால் பேனா பிடிக்க முடிகிறது. அதனால் முதல் வேலையாக இந்த மடல்.

டியூட்டியில் வழுக்கி விழுந்ததும் வெட்கத்தில் சட்டென்று எழப் பார்த்தேன். "அசையாதீங்க சிஸ்டர், தலையில அடிபட்டிருக்கான்னு பார்த்துட்டுத் தூக்குறோம்" என்று தோளைப் பிடித்து நிறுத்திய வார்டு அண்ணனுக்கு முதல் நன்றி. நோயாளிகளுக்கு நாம் தினமும் சொல்வதுதான், நம்மிடம் சொல்லவும் ஓர் ஆள் தேவைப்படுகிறது! கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டருகே எலும்பு முறிந்திருந்தது. அதை அசையாமல் கட்டி எக்ஸ்ரேவுக்கு அனுப்பிய கேஷுவாலிட்டி நண்பர்களுக்கும் நன்றி.

இன்சார்ஜ் சிஸ்டர் அக்கா, விபத்துப் படிவத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதி நீங்கள் முடித்திருக்கலாம். பல இடங்களில் அதுதானே நடக்கிறது? நீங்கள் குனிந்து தரையைப் பார்த்தீர்கள். சுவரில் மாட்டிய சானிடைசர் சொட்டிச் சொட்டி, சாய்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு பளபளப்பு. மேலே விளக்கும் எரியவில்லை. இரண்டையும் படிவத்தில் எழுதினீர்கள். இப்போது சானிடைசருக்குக் கீழே தட்டு இருக்கிறது, புது விளக்கும் எரிகிறது. என் மானமும் தப்பியது.

துப்புரவு அக்காமார்களே, இப்படி யாராவது விழுந்தால் பழி முதலில் உங்கள் மேல்தான் வரும். ஆனால் வழியைச் சொன்னது நீங்கள்தான். சோப்பு அதிகமானால் தரையில் படலம் தங்கி, மறுபடி ஈரம் பட்டால் வழுக்கும் என்று சொல்லி அளவுக் குவளை கேட்டு வாங்கினீர்கள். காய்ந்த தரையிலிருந்து 'ஈரத் தரை, கவனம்' என்ற மஞ்சள் பலகையை உடனே எடுப்பதும் உங்கள் யோசனை. நாள் முழுக்க நிற்கும் பலகையை யார் பார்க்கிறார்கள்?

பாதுகாப்புக் குழு டாக்டருக்குத் தனி வணக்கம். அமெரிக்காவில் 3 மருத்துவமனைகளில் 1996 முதல் 2005 வரை நடந்த ஆய்வை நிர்வாகத்தின் முன் வைத்தீர்கள். தரை, காலணி, தரையில் விரிக்கும் பாய், வெளிச்சம் என எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்ததில், ஊழியர்கள் விழுந்து காயப்பட்டுக் கேட்கும் இழப்பீடுகள் அங்கே 58% குறைந்தன. அந்தக் கணக்குக்குப் பிறகுதான் வழுக்காத செருப்புக்கும் சமையலறைப் பாய்க்கும் பணம் வந்தது. எண்ணெயும் தண்ணீரும் சிந்தும் அந்தத் தரையில் நிற்பவர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டும்.

என் நைட் டியூட்டிகளைப் பங்கு போட்டுப் பார்த்தவர்கள் கணக்கு வைத்திருப்பீர்கள் என்று தெரியும். அடுத்த ரோஸ்டர் போடும்போது கொண்டு வாருங்கள், ஒவ்வொன்றாகத் தீர்க்கிறேன். பண்டிகை நாள் மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஸ்டாஃப் நர்ஸ்