15 அங்குலம் போதும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொக்கி ஊசியில் போடும் குரோஷே தலையணை உறையின் படம் கிடைத்தது. "இது ஏன் கோணுது?" என்று கூடவே மூன்று வார்த்தை. இரண்டு மாதமாக ஒன்றும் எழுதாதவன் மூன்று வார்த்தையாவது எழுதினாயே. கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வரிசையில் 60 கண்ணி. ஒன்பதாவது வரிசையில் 52. எட்டு வரிசை ஏறுவதற்குள் எட்டு கண்ணி காணாமல் போயிருக்கிறது, அதுவும் இரண்டு ஓரத்திலும் மாறி மாறி. அங்கொன்று இங்கொன்றாக விட்டிருந்தால் இப்படிச் சீராகக் குறையாது. ஒவ்வொரு வரிசையிலும் ஒரே இடத்தை விடுகிறாய் என்று அர்த்தம்.

அந்த இடம் வரிசையின் கடைசி. டபுள் குரோஷேயில், அதாவது ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றிப் போடும் உயரக் கண்ணியில், வரிசை தொடங்கும்போது போடும் 3 சங்கிலியே (மூன்று வெறும் வளையம்) முதல் கண்ணி என்று கணக்கு. அதனால் அதற்கு நேர் கீழே இருக்கும் கண்ணியை விட்டுவிட்டு அடுத்ததில் தொடங்குகிறோம். இதை நீ சரியாகத்தான் செய்திருக்கிறாய். ஆனால் திரும்பி வரும்போது, முந்தின வரிசையின் அந்த 3 சங்கிலியின் தலையில் கடைசிக் கண்ணி விழவேண்டும். அது ஒல்லியாக ஓரத்தில் சுருண்டு கிடக்கும், கண்ணி மாதிரியே தெரியாது. பார்க்கிறவர்கள் "முடிந்தது" என்று நினைத்துத் திருப்பிவிடுவார்கள். ஒன்று போயிற்று. இதற்குப் பயந்து சிலர் தொடக்கத்தில் சங்கிலிக்கு அடியிலேயும் ஒரு கண்ணி போடுவார்கள். அப்போது வரிசைக்கு ஒன்று கூடி மேலே விரியும்.

3 சங்கிலி போட்டவுடனே மூன்றாவது சங்கிலியில் ஒரு ஊக்கோ, வேறு நிற நூல் துண்டோ மாட்டிவிடு. திரும்பி வரும்போது ஊக்கு இருக்கும் இடத்தில் கடைசிக் கண்ணி. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணு. 60 இருந்தால்தான் அடுத்தது. இப்போது போட்டதை முதல் வரிசை வரை பிரித்துவிடு. நடுவில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது; அடுத்த வரிசையில் எட்டையும் சேர்த்துப் போட்டால் ஓரத்தில் காது முளைத்த மாதிரி நிற்கும். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும், தளர்வாக உருண்டை சுற்றி ஒரு நாள் வை. பிரிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பிரிக்க முடிவதுதான் இந்த வேலையின் சௌகரியமே.

இன்னொன்றும் பார்த்தேன், கண்ணியெல்லாம் ரொம்ப இறுக்கம். கண்ணியின் அளவை ஊசியின் தடித்த தண்டுதான் தீர்மானிக்கவேண்டும். கொக்கிக்குக் கீழே குறுகலாக இருக்கும் கழுத்திலேயே வைத்து இழுத்தால், கையில் 4 மி.மீ. ஊசி இருந்தும் 3 மி.மீ. ஊசியில் போட்ட மாதிரிதான் வரும். நூலை இழுத்தபின் வளையத்தைத் தண்டுக்கு ஏற்றி, அங்கே இருக்கும்போது அடுத்ததைப் போடு. அப்படியும் இறுகினால் 4.5 மி.மீ. எடுத்துக்கொள். அடிச்சங்கிலிக்கு மட்டும் அதைவிட இன்னும் அரை மி.மீ. பெரிய ஊசி, இல்லாவிட்டால் கீழ் ஓரம் சுருங்கி உட்காரும். நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுக்கு மேல் சுற்றாதே. கையை இறுக்காதே. படம் எடுத்த நேரம் ராத்திரி 2.40 என்று அதிலேயே இருந்தது. அந்த நேரத்தில் உட்கார்ந்து போட்டால் யார் கைக்கும் இறுக்கம் வரும்.

ஆனால் ஒன்று, கண்ணிகளின் உயரம் முதல் வரிசையிலிருந்து கடைசி வரை ஒரே சீர். அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. உன் அக்காவுக்குப் பத்து வரிசைக்குள் உயரம் மாறிவிடும், இன்றைக்கும். அவளிடம் சொல்லாதே.

இனி அளவு. எத்தனை அங்குலத் தலையணைக்குப் போடுகிறாய் என்று நீ எழுதவேயில்லை. 16 அங்குல சோபா குஷன் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். உறை 16 வேண்டாம், 15 அங்குலம் போதும். பின்னல் துணி மாதிரி நிற்காது, போட்டபின் நெகிழும். சரி அளவுக்குப் போட்டால் ஒரே மாதத்தில் மூலைகள் காலியாகித் தொங்கும். ஓர் அங்குலம் குறைத்தால்தான் உப்பி நிற்கும். பருத்தி நூல் என்றால் தன் எடையாலேயே இன்னும் இழுபடும், அதற்கு ஒன்றரை அங்குலம்கூடக் குறைக்கலாம்.

படத்தின் ஓரத்தில், சோபா மேலே, மடித்த போர்வையும் படுக்கிற தலையணையும் தெரிந்தது. உறை அந்தத் தலையணைக்கா? அது நீளத் தலையணை, இந்தக் கணக்கு அதற்கு வராது. தலை வைத்துப் படுப்பதற்குக் குரோஷே உறையே கூடாது. கன்னத்தில் தடம் பதியும், தூக்கம் கெடும். படுக்கிற தலையணை கட்டிலில் இருக்கட்டும், தம்பி. சோபாவுக்கு குஷன் போதும்.

கண்ணிக் கணக்கை அடுத்தவர் சொல்லி எடுக்காதே. முதலில் மாதிரிக்கு 26 சங்கிலி போட்டு 24 கண்ணியில் 13 வரிசை போடு, ஏறக்குறைய 6 அங்குலச் சதுரம் வரும். துவைத்து, காயவைத்து, நடுவில் 4 அங்குலம் மட்டும் அள. ஓரம் எப்போதும் பொய் சொல்லும். 4 அங்குலத்துக்கு 16 கண்ணியும் 9 வரிசையும் வந்தால் சரி: 15 அங்குலத்துக்கு 60 கண்ணி, 34 வரிசை. தொடங்க 62 சங்கிலி, ஊசியிலிருந்து நாலாவதில் முதல் டபுள். உன் இப்போதைய கைக்கு அந்த 60 கண்ணி 13 அங்குலத்தைத் தாண்டாது போலிருக்கிறது. அதனால்தான் ஊசியை மாற்றச் சொல்கிறேன்.

வீடியோ பார்த்துப் போடுகிறாய் என்றால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கர்களின் டபுள், பிரிட்டன்காரர்களுக்கு டிரெபிள். அவர்களின் டபுள், அமெரிக்காவில் சிங்கிள், அதாவது நூலைச் சுற்றாமல் போடும் குட்டைக் கண்ணி. முறையில் எங்காவது சிங்கிள் குரோஷே என்று வந்தால் அது அமெரிக்கக் கணக்கு. நான் எழுதுவதெல்லாம் அமெரிக்கக் கணக்குதான்.

அந்த 6 அங்குலச் சதுரத்தைத் தூக்கிப் போடாதே, சமையலறைத் தராசில் நிறுத்திப் பார். முன்பக்கம் 15-க்கு 15, பின்பக்கம், இரண்டு துண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தையும் சேர்த்து, 15-க்கு 18. மொத்தம் 495 சதுர அங்குலம். சதுரம் 36. கிட்டத்தட்ட 14 மடங்கு. சதுரம் 15 கிராம் இருந்தால் 210 கிராம் நூல். ஓரத்துக்கும் இணைப்புக்கும் சேர்த்து 250 கிராம் வாங்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில், லேபிளில் லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. லாட் மாறினால் அதே சாம்பல் நிறம்கூடப் பகல் வெளிச்சத்தில் பட்டையாகத் தெரியும்.

ஏன் வெறும் சாம்பல்? உன் மனைவியைக் கேட்டாயா? அந்த வீட்டில் சோபாவும் திரைச்சீலையும் அவள் எடுத்தது. உறை மட்டும் நீயாக ஒரு நிறம் எடுத்தால் எப்படி? ஒரு வார்த்தை கேள். சிவப்போ கருநீலமோ சொன்னால் பயப்படவேண்டாம், நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார். சாயம் ஒட்டினால் அதை வெளிர் நிறத்தோடு சேர்க்காதே, தனியாகப் போடு. கேட்பதுதான் முக்கியம்.

பின்பக்கம் இரண்டு துண்டு. இரண்டுக்கும் 60 கண்ணி, 20 வரிசை. 6 வரிசை ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மொத்தம் 34, முன்பக்கத்துக்குச் சமம். மேலே வரும் துண்டின் கடைசிக்கு முந்தின வரிசையில் நாலு பொத்தான் துளை: 12, 24, 36, 48-ஆவது கண்ணிகளை ஒட்டி, 2 சங்கிலி போட்டு 2 கண்ணி விடு. அடுத்த வரிசையில் அந்த 2 சங்கிலிமேல் 2 கண்ணி. பொத்தான் துளையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கவேண்டும், துளை போகப்போகத் தளரும். ஜிப் வைக்க ஆசைப்படாதே. நெகிழும் பின்னலில் நெகிழாத ஜிப்பைத் தைத்தால், பழகாத கைக்கு அலை அலையாக நிற்கும்.

இணைக்கும்போது முன்பக்கத்தைக் கவிழ்த்து வை. அதன்மேல் பொத்தான் தைத்த துண்டு, அதற்கும்மேல் துளை உள்ள துண்டு, இரண்டும் நல்ல பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. சுற்றிலும் ஊக்கு குத்திவிட்டு சிங்கிள் குரோஷேயில் இணை. மேலும் கீழும் கண்ணிக்கு ஒன்று, அங்கே 60. பக்கவாட்டில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். வரிசைக்கு இரண்டு என்று போட்டால் 68 ஆகி ஓரம் நெளியும். நாலு வரிசைக்கு ஏழு: இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. 32 வரிசையில் 56, மிச்ச இரண்டு வரிசையில் நாலு. பக்கத்துக்கு 60 கச்சிதமாக வரும். மூலையில் ஒரே இடத்தில் 3 போடு, இல்லாவிட்டால் மூலை உள்ளே மடங்கும். பின்பக்கத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் மூன்று அடுக்கு, ஊசி மூன்றிலும் நுழைகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார். ஒன்று விட்டால் அங்கே ஓட்டை. இங்கேயும் எண்ணு.

நூல் முனைகளை 6 அங்குலம் விட்டு வெட்டு. முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்கினால் இரண்டு சலவைக்குள் அவிழும். மொட்டை ஊசியில் கோத்து ஒரு பக்கம், எதிர்ப்பக்கம், மறுபடி முதல் பக்கம் என்று மூன்று முறை உள்ளே ஓட்டு. டபுள் குரோஷேயின் இடைவெளியில் குஷனின் வெள்ளை எட்டிப் பார்க்கும். அதே நிறத்தில் மெல்லிய துணி உறை ஒன்று உள்ளே போட்டுவிடு. அக்ரிலிக் நூல் என்றால் சூடான இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, இளகித் தொய்ந்துவிடும், திரும்பாது. பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, படுக்கப்போட்டுக் காயவை.

அரை மணிக்கு ஒரு தடவை ஊசியைக் கீழே வை. மணிக்கட்டு வலித்தால் இரண்டு நாள் தொடாதே. பகலில் போடு. ராத்திரி வேண்டாம்.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அவர் கேட்காமல் இருந்தால் என்ன என்று. வீட்டில் வேறு விசேஷமில்லை.

உறை ஒன்றா, ஜோடியா என்று எழுது. ஒன்றுக்கு 250 கிராம், ஜோடிக்கு 500. பிறகு வாங்கினால் லாட் ஒத்துவராது. இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் ஜோடி என்று வைத்துக்கொண்டு நானே நூலை வாங்கி, உன் பெயருக்கு இல்லை, அவள் பெயருக்கு அனுப்பிவிடுவேன். ஃபோனில் சொன்னாலும் சரி.

அன்புடன்,
அம்மா

பி.கு.: ஊசி வாங்கும்போது கைப்பிடியில் ரப்பர் வைத்ததாகப் பார்த்து 4.5 ஒன்று, 5 ஒன்று வாங்கு. 5 அடிச்சங்கிலிக்கு மட்டும்.