மகளுக்கு, நீ அனுப்பிய படம் பற்றி

அன்புள்ள அம்முவுக்கு அம்மாவின் ஆசிகள்.

இங்கு அனைவரும் நலம். நான்கு மாதம் கழித்து உன்னிடமிருந்து ஒரு படம் வந்தது; அதன் கீழே ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் ரோமில் கேப்பிடலின் குன்றின் அடிவாரத்திலுள்ள மாமர்டைன் சிறை அது என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் நான் வட்டம் போட்டுக் காட்டிய நிலவறைத் துவாரத்தை என் மகள் நேரில் நின்று பார்த்திருக்கிறாள் என்று எதிர்வீட்டு டீச்சரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். துவாரத்தின் ஓரத்தில் உன் இடது கை தெரிகிறது. மோதிரம் இருந்த இடம் வெளுத்திருக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கை மெலிந்திருக்கிறது, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

ரோமானியருக்குச் சிறை என்பது பெரும்பாலும் தண்டனை அல்ல, தண்டனை நிறைவேறும்வரை ஆளை வைத்திருக்கும் இடம். கீழறையில் ஆளை அந்தத் துவாரம் வழியாகத்தான் இறக்குவார்கள். பன்னிரண்டு அடி ஆழம், இருட்டு, நாற்றம் என்று ரோம வரலாற்றாசிரியர் சல்லஸ்ட் எழுதுகிறார். கி.மு. 104இல் வட ஆப்பிரிக்காவின் நுமீதிய மன்னன் யுகூர்த்தாவை ஆடையை உருவி உள்ளே தள்ளியபோது, உங்கள் குளியலறை எவ்வளவு குளிர்கிறது என்றானாம். பட்டினியிலேயே அவன் உயிர் போயிற்றாம். கி.மு. 63 டிசம்பரில், ஆட்சியைக் கவிழ்க்கச் சதிசெய்த கட்டிலினாவின் கூட்டாளிகள் ஐந்து பேரை அங்கே கயிற்றால் நெரித்துக் கொன்ற பிறகு, வெளியே காத்திருந்த கூட்டத்திடம் அப்போதைய ஆட்சித்தலைவர் சிசரோ சொன்னது 'வாழ்ந்தார்கள்' என்ற ஒரே சொல். இறந்தார்கள் என்று வாயால் சொல்வது அபசகுனம். நம் வீட்டிலும் உன் அறையை இப்போது உன் பெயரால் யாரும் சொல்வதில்லை. 'மாடி அறை' என்கிறார்கள். குளிர்காலத்தில் அப்படிப்பட்ட இடங்களில் இறங்காதே. இறங்கினால் கழுத்தை மூடிக்கொள்.

வகுப்பில் நான் மிகவும் விரும்பிச் சொன்னது தந்தையரின் கதைகளைத்தான் என்பதை நினைத்தால் இன்று கூச்சமாக இருக்கிறது. கட்டளையை மீறிப் போரிட்டு வென்று வந்த மகனை, கி.மு. 340இல், படையின் முன்னாலேயே தலையை வெட்டச் செய்த ரோமத் தளபதி மான்லியுஸ் டொர்குவாட்டுஸை, மனுநீதிச் சோழனுக்குச் சமமாக வைத்துப் பேசுவேன். பிள்ளைகளின் உயிர்மீது தந்தைக்கு உரிமை உண்டு என்று ரோமச் சட்டம் சொன்னதை ஏதோ ஒழுக்கத்தின் சிகரம்போல விளக்கியிருக்கிறேன். நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். நீயாவது அப்போதே கை தூக்கியிருக்கலாம். எதையும் வாய்விட்டுக் கேட்காத குணம் உனக்கு யாரிடமிருந்து வந்ததோ!

அந்த ஊரே அந்த உரிமையை ஒப்புக்கொண்டது என்றும் சொல்ல முடியாது. மகனைச் சவுக்கால் அடித்தே கொன்ற ஒருவனைச் சந்தைவெளியில் மக்கள் எழுத்தாணிகளால் குத்தினார்கள். பேரரசர் அகஸ்டஸின் அதிகாரம்கூட அவனை அரும்பாடுபட்டுத்தான் மீட்டது. தத்துவ ஞானி செனெகா இதைச் சொல்லிவிட்டு, அடுத்து டாரியுஸ் என்ற ரோமானியரின் கதையைச் சொல்கிறார். அதை நான் ஒரு வருடம்கூட வகுப்பில் நடத்தியதில்லை, ஏனென்றால் பாடப்புத்தகத்தில் இல்லை.

டாரியுஸின் மகன் தந்தையைக் கொல்லத் திட்டமிட்டுப் பிடிபட்டான். தந்தையைக் கொன்றவனைத் தோல் மூட்டையில் போட்டுத் தைத்து நீரில் எறிவது அவர்கள் வழக்கம். நாய், சேவல், பாம்பு, குரங்கு ஆகியவற்றையும் உடன் அடைப்பார்கள் என்று பிற்காலச் சட்ட நூல் சொல்கிறது. டாரியுஸ் உற்றார் உறவினரைக் கூட்டி வீட்டிலேயே விசாரித்தார், அகஸ்டஸையும் அழைத்தார். பேரரசர் அந்த வீட்டுக்கே வந்து மற்றவர்களோடு ஒருவராக உட்கார்ந்தார். எல்லாரும் கேட்டு முடித்த பிறகு, தன் கருத்தே எல்லாருடைய கருத்தாகவும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொருவரும் தம் தீர்ப்பைத் தனித்தனியே எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மூட்டையும் வேண்டாம், பாம்பும் வேண்டாம், சிறையும் வேண்டாம், தந்தை விரும்பும் ஊருக்கு அனுப்பினால் போதும் என்பது அவருடைய முடிவு. மகன் மசிலியாவுக்கு, அதாவது இன்றைய மார்செய் நகரத்துக்கு, அனுப்பப்பட்டான். டாரியுஸ் அவனுக்கு முன்பு கொடுத்துவந்த ஆண்டுப் பணத்தைக் குறைக்காமல் கொடுத்துவந்தார்.

அம்மு, அந்த ஆவணி மாதம் நம் கூடத்திலும் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். உன் அப்பா முதலில் பேசினார். பிறகு பெரியப்பா வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். அத்தை சொன்னாள், மாமா சொன்னார், ஏழாவதாக என்னிடம் வந்தது. முதல் நாள் இரவு சமையலறையில் உன்னிடம் நான் சொன்னது வேறு. காப்பித் தம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டே, "அவர் சொல்வதுதான் எனக்கும்" என்றேன். நீ என்னையே பார்த்தாய். ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தால் நான் வேறு எழுதியிருப்பேன் என்று இத்தனை நாள் என்னை நானே சமாதானப்படுத்தி வந்தேன். வாய் திறந்து சொல்வதை யாரும் தடுக்கவில்லை என்பதுதான் உண்மை. இனி அவளுக்கு இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்று பெரியப்பா முடித்தார். ரோமில் நாடுகடத்தும் தீர்ப்புக்கும் 'நீரும் நெருப்பும் மறுத்தல்' என்றுதான் பெயர். அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் தம்ளர்களைக் கழுவப் போனேன்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கழுத்தை மூடிக்கொள். என் ஓய்வூதியம் இப்போது என் பெயரிலேயே தனிக் கணக்கில் வருகிறது. உன் வங்கிக் கணக்கு எண் பழையதுதானா என்பதை மட்டுமாவது எழுது.

அம்மா