கண்ணாடி பிடித்த அக்காவுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

பூட்டியின் கல்லறைக் கல் கிடைத்துவிட்டது. நேற்றிரவு மலையகத்து மஸ்கெலியாவிலிருந்து கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்ததும் அப்பாவை எழுப்பிப் படத்தைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போனை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். விடிந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், மீன்காரரிடம்கூட, "எங்க அப்பாயி" என்று காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பிறப்பதற்கு முன்பே கண்ணை மூடிவிட்ட அப்பாயி. சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று தூங்காமல் இதை எழுதுகிறேன்.

ஏன் தேடினோம், நடுவில் என்னென்ன நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே கூட இருந்தீர்கள். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் கடைசி நாளில் நடந்தது உங்களில் யாருக்கும் தெரியாது, அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கோத்தகிரிச் சித்தப்பா சொன்ன அடையாளத்தை வைத்து, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு மேலே, நாலாம் நம்பர் தேயிலை மலை முடிகிற இடத்தில் மானாப் புல்லை விலக்கிப் பார்த்தபோது கற்கள் வரிசையாகவே இருந்தன. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்புவதற்கு முன் கீழே இருந்த மயானத்திலிருந்து எங்கள் ஆட்கள் எலும்பையும் மண்ணையும் கல்லையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்த இடம் அதுதான். சந்தோஷத்தில் எனக்குக் கால் நிற்கவில்லை. ஆனால் எந்தக் கல்லிலும் எழுத்து தெரியவில்லை. பாசி படிந்து, மழையில் தேய்ந்து, எல்லாம் ஒரே மாதிரி. உச்சி வெயில் நேர்மேலே நின்றது. விரலால் தடவினால் ஏதோ பள்ளம் தட்டுப்படுகிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கூட வந்தவர்களில் ஒருவர் சுண்ணாம்பு பூசிப் பார்க்கலாம் என்றார், இன்னொருவர் கம்பிப் பிரஷ் வாங்கி வரலாம் என்றார்.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார். பகல் கொழுந்து நிறுத்துவிட்டு தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குச் சாப்பிடப் போகிற நேரம், இடுப்பில் படங்குத் துணி கட்டியபடி, வெறுங்கூடை முதுகில். எங்களை முன்பின் பார்த்ததே கிடையாது. "யாரைத் தேடுறீங்க தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். சுண்ணாம்பு என்றதும் கையை ஆட்டினார். "வேணாம், வேணாம், கல்லு பொரிஞ்சு போயிரும். கொஞ்சம் இருங்க." அவ்வளவுதான், கூடையை அங்கேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

திரும்பி ஏறி வரும்போது ஒரு கையில் தண்ணீர் வாளி, கக்கத்தில் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கிற கண்ணாடி. மூலையில் பழைய ஒட்டுப் பொட்டுகள் நாலைந்து அப்படியே இருந்தன. ஈரத்துணியால் பாசியை மெதுவாக ஒற்றி எடுத்தார், தேய்க்கவில்லை. பிறகு கல்லுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளிக் குந்திக்கொண்டு, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, கல்லின் முகத்தில் சாய்வாக அடித்தார். ஒளி நேராக விழுந்தால் தேய்ந்த எழுத்து மறைந்துவிடுகிறது, சாய்வாக உரசிக்கொண்டு போனால் ஒவ்வொரு கீறலிலும் நிழல் விழுந்து எழுத்து தெரிகிறது. இதை அவர் யாரிடமும் படிக்கவில்லை. "எங்க அப்பா கல்லையும் இப்பிடித்தான் வாசிச்சோம், சாயங்கால வெயில்ல தானா தெரிஞ்சிச்சு, பகல்ல தெரியலை, அதான் கண்ணாடி" என்றார்.

ஒரு கல், அடுத்த கல், அதற்கடுத்தது. எங்கள் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்ந்தார். எங்களையும் வாசிக்கச் சொன்னார். ஒரு கல்லில் பெயரின் முதல் எழுத்தாக 'மு' தெரிந்தபோது என் தொண்டை அடைத்துவிட்டது. "அவசரப்படாதீங்க" என்று அவர் கண்ணாடியை ஒரு விரல் அளவு திருப்பினார். முழுப் பெயரும் வந்தது. கீழே, சித்திரபானு வருஷம் ஆடி மாதம்.

அவர் சாப்பிடவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பின்நேரம் மலைக்குப் போகவும் இல்லை. அப்படிப் போகாவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும் என்று லயத்தில் வேறொருவர் சொல்லித்தான் தெரியும். காசு கொடுக்கப் போனபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா, உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை, நீங்கள் வேண்டாம் என்றீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் இனி உங்கள் பெயர் சொல்லாமல் எந்தப் படையலும் நடக்காது.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். நீர்த்தேக்கம் வருவதற்கு முந்திய ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவிலான வரைபடத்தின் பிரதியைத் தேடிக் கொடுத்து, பழைய மஸ்கெலியா நகரமும் ஆறும் எங்கே இருந்தன என்று விரலால் காட்டிய நில அளவைத் துறை நண்பருக்கு, வாசிக்க முடியாத கையெழுத்தை எனக்காக உட்கார்ந்து வாசித்த ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயாவுக்கு, சித்திரபானு அறுபது வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும், அதனால் 1882 அல்லது 1942, உங்கள் தாத்தாவின் வயதைப் பார்த்தால் 1942தான் என்று போனிலேயே கணக்குப் போட்டுச் சொன்ன குருக்கள் ஐயாவுக்கு, சிவனொளிபாதமலை சீசன் கூட்டத்திலும் ஹட்டனில் எங்களுக்காகக் காத்திருந்த ஓட்டோத் தம்பிக்கு, எல்லாருக்கும் நன்றி.

கோத்தகிரிச் சித்தப்பாவுக்குத் தனியாக. 1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எங்கள் மலையகத்து ஆட்களைப் பங்கு போட்டார்கள். எங்கள் தாத்தா இங்கே, அவர் தம்பி அங்கே. சின்னத்தாத்தா தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது கல் நட்ட இடம் அவர் மனசோடு போய்விட்டது. எலும்பு வைத்த பானையைத் தாத்தா தூக்க, பின்னால் மண்வெட்டியோடு நடந்த சின்னப் பையன்தான் இன்றைய சித்தப்பா. நீலகிரித் தேயிலைக் காட்டில் இருந்துகொண்டு, சவுக்கு மரம், பீலி, மலையின் நம்பர் என்று அவர் குரல் பதிவில் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. சித்தப்பா, அந்தச் சவுக்கு இப்போது இல்லை, அடிக்கட்டை இருக்கிறது.

எல்லாம் முடிந்து இறங்கி வரும்போது நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். வறட்சியில் நீர் இறங்கி, பழைய நகரத்தின் கோயில் வெளியே தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அணை மறித்த மஸ்கெலி ஓயாதான் கெனியனிலும் லக்ஷபானவிலும் பொல்பிட்டியவிலும் மின்சாரம் கொடுத்துவிட்டு, கெகெல்கமு ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகி, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கிற அம்பத்தலையையும் கடந்து மட்டக்குளியில் கடலுக்குப் போகிறது. அந்தக் கழிமுகத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். சின்ன வயதில் அங்கேதான் விளையாடினேன், அந்தத் தண்ணீர் பூட்டி முதலில் படுத்திருந்த மண்ணின் மேலாக வருகிறது என்று தெரியாமலே. அணை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் நானும் படித்தேன். அங்கே படுத்திருந்தவர்களின் பெயர்களையும் யாராவது ஒரு தாளில் எழுதி வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

டிக்கோயாவில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வோர்லி தேவாலயம் இருக்கிறது, 1878இல் கட்டியது. அங்கே வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகளில் பெயரும் ஊரும் வயதும் இன்றும் படிக்க முடிகிறது. அவர்களுக்கு அது கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். ஆனால் எங்கள் பக்கத்தில் கல் என்பதே எல்லாருக்கும் கிடைத்ததல்ல. பூட்டன் சில்லறைக் கங்காணியாக, ஒரு சிறு கூட்டத்துக்கு மேற்பார்வையாளராக, இருந்ததால் பூட்டிக்கு ஒரு கல் அமைந்தது, பலருக்கு ஒரு குரோட்டன் செடி மட்டும்தான். அந்தச் செடிகள் எங்கே ஏறி வரப்போகின்றன. 1948இல் குடியுரிமையே இல்லை என்று ஆக்கப்பட்டவர்கள், நாலு தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு பேர்ச் அளவு துண்டுக் காணிகூடச் சொந்தமில்லாதவர்கள், இங்கே வாழ்ந்தார்கள் என்பதற்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருப்பது அந்தக் கற்கள்தான். அதிலும் எழுத்து போய்க்கொண்டிருக்கிறது.

அதனால் நான் செய்யப் போவதைச் சொல்லிவிடுகிறேன், நீங்களெல்லாம் சாட்சி. தோட்டத்து ஆட்களிடம் கேட்டுக்கொண்டு அந்த மலையில் உள்ள ஒவ்வொரு கல்லையும் படம் பிடித்து, தெரிகிற பெயர், வருஷம், மாதம் எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். எங்கள் சொந்தம் என்று பார்க்காமல் எல்லாருடையதையும். 1969க்கு முன் அந்தப் பக்கம் இருந்த குடும்பங்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் எந்த மலை, எந்த மரம், யார் தூக்கிக்கொண்டு போனது என்று இப்போதே கேட்டு வையுங்கள், அங்கே போகிற அன்று தேவைப்படும். ஆடி அமாவாசைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம். ஏற்றம்தான், இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் ஏறிவிடுவார்.

புறப்படும்போது அக்காவிடம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் அப்பாவின் கல்லையும் அதே மாதிரி வெயில் அடித்து ஒரு படம் எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தர முடியுமா என்றார். எடுத்தோம். இன்று பகல் ஆமர் வீதியில் பிரிண்ட் போட்டு லேமினேட்டும் செய்தாயிற்று, பெயர் நன்றாகத் தெரிகிறது. சனிக்கிழமை ஹட்டன் போகிற தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன், அக்கா.