பெங்களூருக்கு ஆள் கூட்டிப் போகும் மேஸ்திரி அண்ணன்களுக்கு

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு நிற்கிறவர்களைத் தலை எண்ணி வண்டி ஏற்றுகிற உங்களுக்குத்தான் இந்தக் கடிதம். கலெக்டருக்கும் எழுதலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பையன் ராத்திரியெல்லாம் இருமுவது கலெக்டர் காதில் விழாது. ஷெட்டில் அடுத்த பாயில் படுக்கிற உங்களுக்குத்தான் கேட்கும்.

என் சித்தப்பா மகன் சென்ட்ரிங் வேலைக்காரன். டிபி என்று மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரமே இருமல் நின்றுவிட்டது. மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போனதில் வேறு பயந்துவிட்டான். அது மாத்திரையின் சாயம், அவ்வளவுதான் என்று யாரும் சொல்லவில்லை. முன்பணம் வாங்கியிருந்தான், மேஸ்திரி கூப்பிட்டார், கிளம்பிவிட்டான். மாத்திரை அட்டை வீட்டு உத்திரத்தில் செருகியபடியே கிடந்தது. நான்கு மாதம் கழித்து வந்தபோது வழக்கமான மாத்திரைக்கு அடங்காத டிபி ஆகியிருந்தது. அந்த மேஸ்திரி மேல் கோபமில்லை, அவருக்கும் தெரியாது.

2025-க்குள் நாட்டில் டிபியை ஒழிப்போம் என்று 2018-இல் டெல்லியில் அறிவித்தார்கள். ஒழியவில்லை, குறைந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி லட்சம் பேரில் புதிதாக நோய் வந்தவர்கள் 2015-இல் 237, 2023-இல் 195. இன்னும் உலகின் டிபி நோயாளிகளில் நாலில் ஒருவர் நம் நாட்டுக்காரர்தான்.

அதற்காக இருமுகிறவனை ஊருக்குத் துரத்தாதீர்கள். துரத்தினால் அடுத்தவன் இருமலை மறைப்பான். வீட்டிலிருந்தே மாத்திரை தின்றாலும் சானடோரியத்தில் (டிபிக்கான தனி ஆஸ்பத்திரி) படுத்தவர்களைப் போலவே குணமாகும், அதனால் வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றுவதும் இல்லை என்று 1950-களின் கடைசியிலேயே சென்னை சேத்துப்பட்டு டிபி சிகிச்சை மையத்து ஆய்வு காட்டிவிட்டது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு ஆஸ்பத்திரியில் சளி டெஸ்ட், இலவசம். டிபி என்றால் நிக்ஷய் எண் (அரசின் டிபி பதிவேட்டில் அவன் எண்) தருவார்கள். அதைக் காட்டி சிகிச்சையைப் பெங்களூருக்கே மாற்றிக்கொள்ளலாம், மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். சத்துணவுக்காக மாதத்துக்கு 1,000 ரூபாய் வீதம் அவன் கணக்கில் விழும் (2024 நவம்பருக்கு முன்பு 500தான்). அதை முன்பணத்தில் கழிக்காதீர்கள், சிலர் கழிக்கிறீர்கள். ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு ரேஷன் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. சோறும் மருந்துதான் அண்ணா.

அப்புறம், சனிக்கிழமை கூலி போடும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துவரச் சொல்லுங்கள். எத்தனை குழி காலி என்று பார்த்து, ஆள் கணக்கு நோட்டில் அவன் பேருக்கு நேராகக் குறித்துவையுங்கள். மாத்திரை முடியும்வரை, ஆறு மாதம்.