கடைசி இரண்டு எபிசோடுகளைத் தாண்டிப் போகாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) கட்டுரை ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ என்ற ரோபோ தொடரை வாயாரப் பாராட்டியிருந்தது. போகிற போக்கில், கடைசி இரண்டு எபிசோடுகளை விட்டுவிட்டு நேரே அதற்கு இன்னொரு முடிவு தரும் 1997ஆம் ஆண்டின் ‘தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்’ படத்தைப் பார்த்தால் போதும் என்றும் யோசனை சொல்லியிருந்தது. அந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன்.

1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை டிவி டோக்கியோவில் ஓடிய 26 எபிசோடுகள். கடைசி இரண்டில் ரோபோ சண்டை கிடையாது, கதை முடிச்சுகளும் அவிழ்வதில்லை. ரோபோ ஓட்டும் 14 வயது நாயகன் ஷின்ஜியின் மனசுக்குள்ளேயே எல்லாம் நடக்கிறது. நேர நெருக்கடி இருந்தது உண்மைதான். பென்சில் கோட்டுப் படங்களே அதைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆனால் 22ஆம் எபிசோடில் அவனுடைய சக பைலட்டுகளான அசுகாவும் ரெய்யும் லிஃப்டில் பேசாமல் நிற்கும் காட்சியும் கிட்டத்தட்ட அசைவே இல்லாமல்தான் ஓடுகிறது. அதை மட்டும் எல்லாரும் மேதைமை என்கிறோமே!

26இல் ஓர் இடம். வெள்ளைத் திரையில் ஷின்ஜி மட்டும் மிதக்கிறான். எந்தத் தடையும் இல்லாத உலகம். அவனுக்கோ என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது கீழே ஒரு கோடு விழுகிறது. அதுதான் தரை. மேல், கீழ் என்று வந்துவிட்டதால் ஒரு சுதந்திரம் பறிபோகிறது. ஆனால் அவனால் நடக்க முடிகிறது. அடுத்தவர்கள் இருப்பதால்தான் ‘நான்’ என்பதற்கே ஓர் உருவம் கிடைக்கிறது என்ற இடத்துக்கு அங்கிருந்து பேச்சு நகர்கிறது. இயக்குநர் ஹிதேயாகி அன்னோ இதைக் கடைசி நேரத்தில் ஒட்டவைக்கவில்லை. நெருங்கினால் குத்திக்கொள்ளும், ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவரின் முள்ளெலிகள் 4ஆம் எபிசோடின் தலைப்பிலேயே வந்துவிட்டன. சண்டைகளில் கேடயமாக வரும் குண்டு துளைக்காத ஏ.டி. ஃபீல்டு என்பது ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கும் மனச்சுவர்தான் என்று 24இல் கவோரு என்ற பாத்திரம் சொல்லியும்விடுகிறான்.

எல்லாரும் சூழ்ந்து நின்று கைதட்டி வாழ்த்தும் அந்த முடிவு எனக்கும் முழுசாக ஒட்டவில்லை. அத்தனை ரணம் பட்ட பையன் அவ்வளவு சீக்கிரம் தேறிவிடுவானா என்ன? ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் அனுப்பிய வசவுகளையே படத்தில் சில நொடிகள் காட்டினார் அன்னோ. குறும்பா, கோபமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மனிதர் எல்லாரும் ஒன்றாகக் கரைந்துவிட்ட உலகம் வேண்டாம், காயப்பட்டாலும் பிறர் இருக்கட்டும் என்று படத்தில் ஷின்ஜி முடிவெடுக்கிறான். ஏன் அப்படி என்று அவன் தனக்குள் வாதாடுவதெல்லாம் 25, 26இல்தான் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் படத்துக்குப் போகிறவருக்குத் தீர்ப்பு மட்டும்தான் கிடைக்கும்.

ஆகவே புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் 26 எபிசோடுகளையும் முடித்துவிட்டுப் படத்துக்குப் போகட்டும். 2007 முதல் 2021 வரை வந்த நான்கு ‘ரீபில்ட்’ படங்கள் கதையைப் புதிதாகச் சொல்பவை; அவை தனிக் கணக்கு. இப்போதைக்கு அவற்றைத் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவை.