தபாலில் வந்த பெயர்

கடலூர் முதுநகர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் சின்னவனும் நலம்தானே?

லீவுக்குச் சின்னவனை நியூயார்க்கில் இன்ட்ரெபிட் மியூசியத்துக்குக் கூட்டிப் போகப் போவதாகப் போனில் சொன்னாய். நான் விஷயத்தை ஆரம்பித்தேன், அதற்குள் அவன் போனைப் பிடுங்கிக்கொண்டான், அப்புறம் உனக்கு ஆபீஸிலிருந்து கால் வந்துவிட்டது. சொல்ல வந்தது சொல்லாமலே போயிற்று. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் கிளம்புவதற்குள் கைக்குக் கிடைக்க வேண்டுமே என்று ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

அந்த மியூசியமே ஹட்சன் ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு பழைய விமானந்தாங்கிக் கப்பல்தான். அதன் மேல்தளத்தில் ஒரு விண்வெளி ஓடம் இருக்கிறது. நாசா கட்டிய முதல் ஓடம். என்டர்பிரைஸ் என்று பெயர். அந்தப் பெயர் தபாலில் வந்த பெயர், பாப்பா. அதைத்தான் உனக்கு விவரமாகச் சொல்லப் போகிறேன். சின்னவனுக்கு நீ சொல்லு.

ஸ்டார் ட்ரெக் உனக்கு ஞாபகம் இருக்கும். விண்வெளிக் கப்பலில் ஊர் சுற்றுகிற கதை, அந்தக் கப்பலுக்கும் என்டர்பிரைஸ் என்றுதான் பெயர். எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் வந்தது. நம் வீட்டில் அப்போது டயனோரா கறுப்பு வெள்ளைப் பெட்டி. மாடியில் ஆண்டெனாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார், கீழே ஒருவர் ஜன்னல் வழியாக "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் போதும்" என்று கத்துவார். கூடத்தில் பாய் விரித்துத் தெருப் பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்திருப்பீர்கள். கீழே தமிழ் எழுத்து ஓடாது, எல்லாம் இங்கிலீஷ்தான். பாதி புரியும், பாதி புரியாது. பக்கத்து வீட்டு வாத்தியார் நடு நடுவே கதை சொல்லுவார். அந்தக் கப்பலின் அதிகாரி ஸ்பாக்கை நம் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'கூர்க்காது' என்றுதான் சொல்வார்கள். அவர் கையைத் தூக்கி நான்கு விரலை இரண்டு இரண்டாகப் பிரித்து வணக்கம் சொல்வாரே, அது உனக்கு இடது கையில் மட்டும்தான் வரும். வலது கையில் வரவில்லை என்று மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து நூலால் கட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனாய்.

அந்தக் கை அடையாளத்தைக் கொண்டுவந்தது அந்த வேஷம் போட்ட லெனர்ட் நிமாய்தான். யூதக் குடும்பத்துப் பிள்ளை அவர். சின்ன வயதில் தொழுகைக்குப் போனபோது, குருமார்கள் சபையை ஆசீர்வதிக்கையில் விரல்களை அப்படிப் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். ஆசீர்வாதம் பண்ணுகிற நேரத்தில் பார்க்கக் கூடாதாம், அவர் பார்த்துவிட்டார். எங்கேயோ பாஸ்டனில் ஒரு பையன் பார்த்தது, முதுநகரில் ஒரு பெண்ணின் கையில் வந்து நின்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ரசிகர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள். சிவப்புச் சட்டை போட்டவன் கப்பலை விட்டு இறங்கினால் திரும்பி வரமாட்டான், அந்தக் கதையில் சாகப் போகிறவன் அவன்தான் என்று. அது நமக்குத் தெரிய வழியே இல்லை. நம் பெட்டியில் எல்லாச் சட்டையும் சாம்பல் நிறம். ஒவ்வொரு தடவையும் யார் பிழைப்பார், யார் போவார் என்று கடைசி வரை பதைத்துக்கொண்டு பார்த்தோம்.

சரி, கடிதக் கதைக்கு வருகிறேன்.

1966 செப்டம்பர் 8-ல் அமெரிக்காவில் என்பிசி டெலிவிஷனில் அந்த சீரியல் தொடங்கியது. ஜீன் ராடன்பெரி என்பவர் உண்டாக்கியது. கையில் பணம் குறைவு. வாராவாரம் ஒரு கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டினால் செலவு கட்டாது என்றுதான், ஆளை இங்கே கரைத்து அங்கே உருவாக்குகிற அந்த மின்னும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது வருஷமே நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்துவிட்டது. பார்ப்பவர்கள் எண்ணிக்கை போதவில்லை.

அப்போது பிஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்று ஒரு கணவன் மனைவி. சினிமாக்காரர்களும் இல்லை, டெலிவிஷன்காரர்களும் இல்லை. வெறும் ரசிகர்கள். அறிவியல் கதை படிக்கிறவர்களின் முகவரிகளைத் தேடிப் பிடித்துத் தபாலிலேயே வேண்டுகோள் அனுப்பினார்கள்: நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்த பத்துப் பேரை எழுதச் சொல்லுங்கள், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொல்லட்டும். மரியாதையாக எழுத வேண்டும், அவரவர் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் உன் அப்பா ஒரு தபால்காரனாகப் பேசுகிறேன். இத்தனை வருஷம் கடிதம் பிரிக்கிற சார்ட்டிங்கில் நின்றவனுக்குத் தெரியும், ஒரே மாதிரி அச்சடித்த கார்டு நூறு வந்தாலும் வாங்குகிற ஆபீஸில் அதை ஒரு கார்டாகத்தான் எண்ணுவார்கள். கட்டோடு ஒரு மூலையில் போடுவார்கள். கையால் எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, தபால் தலை வைத்து வந்தால் ஒவ்வொன்றையும் கிழித்துப் பிரித்துப் படித்தாக வேண்டும். பதில் போட ஆள் வைத்தாக வேண்டும். பிஜோ அம்மாளுக்கு அது தெரிந்திருக்கிறது. என்பிசி வாசலுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கடிதம் வந்து சேர்ந்தது. எத்தனை சாக்கு ஆகியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஊர் சார்ட்டர்களை நினைத்துக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. 1968 ஜனவரியில் கால்டெக் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி, பர்பாங்கில் இருந்த என்பிசி அலுவலகத்துக்கு ஊர்வலமே போனார்கள்.

மார்ச் முதல் தேதி, சீரியல் முடிந்ததும் திரையில் ஒரு குரல் வந்தது. ஸ்டார் ட்ரெக் தொடரும், தயவுசெய்து இனிமேல் கடிதம் எழுத வேண்டாம் என்று. அதற்கப்புறம் நன்றி சொல்லி மறுபடி கடிதங்கள் வந்தனவாம்! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். காரியம் முடிந்ததும் மறந்துபோகிற கூட்டம் இல்லை அது.

நேயர் விருப்பம் கார்டுகளை உனக்குக் காட்டியிருக்கிறேன். புதுச்சேரி வானொலி நிலையத்துக்கும் இலங்கை வானொலிக்கும் போகிற கார்டு. பாட்டின் பெயரை ஒரு வரியில் எழுதிவிட்டு, மீதி இடம் முழுக்க ஊர்ப் பெயர்களும் வீட்டு ஆட்கள் பெயர்களும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள். முகவரி எழுதுகிற பக்கத்திலும் புகுந்து, முத்திரை குத்த இடம் இல்லாமல் பண்ணிவிடுவார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு கார்டு விடாமல் வரும். ஒரு நாலுவரி பாட்டுக்கு இவ்வளவு பாடா என்று கூட வேலை செய்தவர் கேட்பார். எனக்கு அந்தக் கார்டுகளைத் தொடும்போது ஒரு மரியாதை வரும். தன் பெயர் வானொலியில் வரும் என்பதற்காக மட்டும் யாரும் மாதக்கணக்கில் எழுத மாட்டார்கள். அந்தப் பாட்டு தன் தெருவுக்கு ஒரு தடவை வந்து போக வேண்டும், தன் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்ற ஆசை அது. டிரிம்பிள் தம்பதி எழுத வைத்த கடிதங்களிலும் அந்த ஆசைதான் இருந்திருக்கும் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

மூன்றாவது வருஷம் என்ன ஆயிற்று என்றால், வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தள்ளிவிட்டார்கள். இளவட்டங்கள் வெளியே போகிற நேரம். பணத்தையும் குறைத்தார்கள். கதைகள் முன் மாதிரி இல்லை. ஸ்பாக்கின் மூளையையே திருடிக்கொண்டு போகிற கதையை எந்த ரசிகரும் தாங்கிப் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். 1969 ஜூன் 3-ல் கடைசி கதை. அடுத்த மாதமே மனிதன் நிலாவில் இறங்கினான். இத்தனையும் எழுதி இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த மூன்றாவது வருஷத்தோடு சேர்த்து 79 கதைகள் ஆகிவிட்டன. தினம் ஒன்றாக மறு ஒளிபரப்பு பண்ண அது போதும். ஊர் ஊராக உள்ளூர் ஸ்டேஷன்கள் வாங்கிச் சாயங்காலத்தில் போட்டார்கள். முதல் தடவை பார்க்காதவர்கள் எல்லாரும் அப்போதுதான் பார்த்தார்கள். 1972-ல் நியூயார்க்கில் ரசிகர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று நினைத்திருக்க, ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். இப்படி ஊர் சுற்றிச் சுற்றித்தான் அது கடல் தாண்டி நம் கூடத்துக்கும் வந்தது. அந்த முன்பின் தெரியாத ஜனங்கள் பேனா எடுத்திருக்காவிட்டால், நீ விரலில் நூல் கட்டிக்கொண்டு திரிந்திருக்க மாட்டாய்.

ரசிகர் என்றால் நம்மைப் போன்றவர்கள் மட்டும் இல்லை. உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதல் வருஷத்தோடு விலகப் பார்த்தார். மேடை நாடகம்தான் அவருக்கு ஆசை. அந்த நேரத்தில் ஒரு விழாவில் அவரைப் பார்க்க ஒரு ரசிகர் வந்திருக்கிறார் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் மார்ட்டின் லூதர் கிங். தன் பிள்ளைகளைத் தூங்காமல் இருந்து பார்க்க விடுகிற ஒரே நிகழ்ச்சி இதுதான் என்றும், ஒரு கறுப்பினப் பெண் கப்பலின் மேல்தளத்தில் அதிகாரியாக உட்கார்ந்திருப்பதை உலகம் பார்க்கிறது, நீங்கள் போகக் கூடாது என்றும் அவர் சொன்னார். அந்த அம்மாள் இருந்துவிட்டார். பிறகு 1977-ல் நாசாவுக்காக ஊர் ஊராகப் போய், பெண்களையும் கறுப்பின மக்களையும் விண்வெளி வீரர் வேலைக்கு மனு போடச் சொன்னவரும் அவர்தான். அந்தக் கப்பலில் உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-ல் நிஜமாகவே விண்வெளிக்குப் போனார். உன் அம்மாவுக்கு உஹுராவை ஏன் பிடிக்கும் என்று அவளையே கேள், அரைமணி நேரம் சொல்வாள்.

இப்போது ஓடம். நாசா அதற்கு முதலில் கான்ஸ்டிடியூஷன் என்று பெயர் வைப்பதாக இருந்தது. அவர்கள் நாட்டு அரசியல் சட்ட நாளான செப்டம்பர் 17-ல், 1976-ல், வெளியே கொண்டுவரத் தேதி குறித்தாயிற்று. ரசிகர்கள் மறுபடி பேனா எடுத்தார்கள். வெள்ளை மாளிகைக்கு ஆயிரக்கணக்கில் கடிதம். ஜனாதிபதி ஃபோர்டு பெயரை மாற்றச் சொன்னார். பாம்டேலில் கொட்டகைக் கதவு திறந்து ஓடம் வெளியே வந்தபோது ராடன்பெரி, நிமாய், நிக்கல்ஸ் எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். அந்தப் போட்டோவைப் பார்த்திருப்பாய். கப்பலின் கேப்டன் கிர்க்காக நடித்தவர் மட்டும் இல்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும், சின்னவன் கேட்பான். இந்த என்டர்பிரைஸ் விண்வெளிக்குப் போனதே இல்லை. அதற்கு ராக்கெட் எஞ்சினும் கிடையாது, வெப்பம் தாங்குகிற ஓடுகளும் கிடையாது. 1977-ல் ஒரு போயிங் 747-ன் முதுகில் ஏற்றிக்கொண்டு போய், மேலே விட்டு, மிதந்து தரை இறங்குகிறதா என்று பார்த்தார்கள். இறங்கியது. அது ஒழுங்காக இறங்கிக் காட்டியதால்தான் 1981-ல் கொலம்பியா தைரியமாகப் போய்த் திரும்பி வந்தது. பெயர் விண்வெளிக்குப் போகவில்லையே என்று வருத்தப்பட்ட ரசிகர்கள் உண்டு. எனக்கு வருத்தம் இல்லை. மேலே போன ஓடங்களில் இரண்டு வெடித்தும் சிதறியும் போயின, அதில் இருந்தவர்களோடு. இது முழுசாக நிற்கிறது, குழந்தைகள் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

2012 ஏப்ரலில் அதை மறுபடி 747-ன் முதுகில் நியூயார்க்குக்குக் கொண்டுவந்தபோது, வரவேற்க நின்றவர்களில் நிமாயும் ஒருவர். முதல் நாள் பார்த்தவரே 36 வருஷம் கழித்தும் வந்து நின்றார். அந்த வருஷம் அக்டோபரிலேயே சாண்டி புயல் அடித்து, மேலே போட்டிருந்த கூடாரத்தைக் கிழித்து, வால் பகுதியில் கொஞ்சம் சேதம் பண்ணிவிட்டது. அதற்குப் பத்து மாதம் முன்னால்தான் நமக்கு 'தானே' என்ற புயல். நம் மாடிக் கம்பம் விழுந்ததும் பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததும் உனக்குத் தெரியும். செய்தியில் அந்தக் கிழிந்த கூடாரத்தைப் பார்த்தபோது எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. அவர்கள் சரி பண்ணி அடுத்த வருஷமே திறந்துவிட்டார்கள்.

போனால் அவசரப்படாதே. முதலில் அடியில் நின்று மேலே பார்க்கச் சொல். அப்புறம் பக்கவாட்டில் முன்பக்கம் வா, பெயர் எழுதியிருக்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கடிதங்களைப் பற்றி அங்கே பலகையில் ஏதாவது எழுதியிருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. இல்லாவிட்டால் நீயே அவனுக்குச் சொல்லு, கொஞ்சம் சத்தமாகவே சொல்லு, பக்கத்தில் நிற்பவர்களும் கேட்கட்டும்.

அம்மா முந்திரியும் வடகமும் எடுத்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையின் சிநேகிதர் ஊருக்கு வந்திருப்பதாகச் சொன்னாயே, அவர் திரும்பும் தேதியைச் சொன்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். வடகம் எடுத்துப் போகலாமா என்று மட்டும் அவரிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா