அடையாள அட்டையை எந்நேரமும் சுமந்து திரியும் கட்டாயத்தை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செந்தூல் வட்டாரக் குடியிருப்பாளர்கள்,
கோலாலம்பூர்.

பெறுநர்:
மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்கள்,
உள்துறை அமைச்சு, புத்ராஜெயா.

பொருள்: அடையாள அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்ற விதியைத் திருத்துவதும், காவல்துறையினர் அட்டை கேட்கும் நடைமுறைக்கு வரம்பு வகுப்பதும் தொடர்பாக.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு, வணக்கம்.

இம்மனுவில் கையொப்பமிட்டுள்ள எங்களில் பலர், செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும், தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஆவோம். குடிமக்களுக்கு வழங்கப்படும் நீல அட்டையின் மதிப்பை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டதால் பிறப்புப் பத்திரம் இன்றி வளர்ந்து, அந்த ஒரு காரணத்தாலேயே பள்ளிப் பதிவு முதல் வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றுக்கும் அலைந்தவர்கள் எங்கள் வீடுகளில் உண்டு. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையோடு வாழ்ந்து, நீல அட்டைக்கு மனு எழுதி எழுதி, அதைக் காணாமலேயே கண்மூடிய பாட்டிகளும் உண்டு. அட்டை வேண்டும் என்று மனு எழுதிய குடும்பங்களிலிருந்துதான் இந்த மனுவும் வருகிறது. ஆகவே அட்டையே கூடாது என்பது எங்கள் வாதம் அன்று. அட்டை பெற்றிருப்பது வேறு, அதை உறங்கும் நேரம் தவிர மற்ற எல்லா நேரமும் உடம்போடு வைத்திருக்க வேண்டும், இல்லையேல் குற்றவாளி என்பது வேறு. இந்த இரண்டாவதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

1959 ஆம் ஆண்டு தேசியப் பதிவுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 1990 ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிமுறைகளின்படி, அட்டையை உடன் வைத்திராதவருக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. அட்டையைப் போலியாகத் தயாரிப்பவனுக்குக் கடுந்தண்டனை விதித்தால் அதில் எங்களுக்கு மறுப்பில்லை. வீட்டு அலமாரியில் உண்மையான அட்டையைப் பத்திரமாக வைத்துவிட்டு, எதிரே இருக்கும் மாமாக் கடைக்குக் கைலியோடு தே தாரிக் குடிக்கப் போனவரை அதே விதியின் பிடிக்குள் கொண்டுவருவது எவ்வகையில் நியாயம் என்பதே எங்கள் கேள்வி.

இது கற்பனையான எடுத்துக்காட்டு அன்று. இம்மனுவை எழுதும் என்னுடைய அண்ணன் மகனுக்கு நேர்ந்தது. இரவு பதினொரு மணிக்கு மேல், சாதாரண உடையில் இருந்த இருவர் அவரை நிறுத்தி அட்டை கேட்டனர். அவர் சரளமான மலாயில் பதில் சொன்னார். பன்னிரண்டு இலக்க எண்ணையும் ஒப்பித்தார். வீடு இருபது அடி தூரத்தில்தான் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றும் சொன்னார். வெளிநாட்டுத் தொழிலாளராக இருக்கலாம் என்று ஐயுற்றதாகச் சொல்லி அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னிரவு இரண்டு மணிக்கு அவர் மனைவி அட்டையோடு நிலையத்துக்குப் போய் நின்ற பிறகே விடுவித்தார்கள். வழக்கு இல்லை, மன்னிப்பும் இல்லை. அவர் பெயரை எவரும் எங்கும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. கடைக்காரர் மட்டும் மறுநாள் தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார்.

பெர்மிட் இல்லாத வெளிநாட்டவரைக் கண்டறிய இந்த அதிகாரம் தேவை என்று அதிகாரிகள் கூறுவதை நாங்கள் அறிவோம். ஆனால் தெருவில் நடந்து போகும் ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் வெளிநாட்டவர் என்று எதைக்கொண்டு ஐயுறுகிறார்கள்? நிறத்தையும் முகத்தையும் கொண்டுதான். அப்படியானால் அந்தச் சோதனையின் சுமை கறுத்த தோலுடைய குடிமக்கள் மீதே திரும்பத் திரும்ப விழும். மூன்று தலைமுறையாக இங்கே பிறந்தவர் அதை ஒவ்வோர் இரவும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றாகிறது.

இந்தக் கட்டாயம் எங்கிருந்து வந்தது என்பதையும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். 1948 இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, கம்யூனிஸ்டுகளையும் பொதுமக்களையும் பிரித்தறிவதற்காக ஆங்கிலேய அரசு மலாயாவில் அட்டையைக் கொண்டுவந்தது. தோட்டப்புற மக்கள் இரு பக்கமும் இடிபட்டார்கள்: காட்டிலிருந்து வந்தவர்கள் அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார்கள், மறுநாள் வந்த காவலர்கள் அட்டை எங்கே என்று கேட்டார்கள். அதே காலத்தில் இங்கிலாந்திலும் போர்க்கால அட்டை நடைமுறையில் இருந்தது. 1950 டிசம்பரில் லண்டனின் வடபகுதியில் காரோட்டி வந்த கிளாரன்ஸ் வில்காக் என்பவர், காவலர் கேட்டும் அட்டையைக் காட்ட மறுத்தார். மறு ஆண்டு மேல்முறையீட்டில் அவர் மீதான குற்றத்தீர்ப்பு நிலைத்தது என்றாலும், தலைமை நீதிபதி கோடார்ட் பிரபு, போருக்காகச் செய்த சட்டத்தைக் கொண்டு கண்டவரிடமெல்லாம் அட்டை கேட்பது மக்களைக் காவல்துறைக்கு உதவுபவர்களாக அல்லாமல் அதன்மேல் கசப்புற்றவர்களாக ஆக்கும் என்று கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அங்கே அட்டை ஒழிக்கப்பட்டது. அதே பிப்ரவரியில்தான், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு அனுப்பிய உயர் ஆணையர் டெம்ப்ளர் கோலாலம்பூர் வந்திறங்கினார். இங்கே அட்டை நீடித்தது. அவசரகாலம் 1960 இல் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. தன் நாட்டு மக்களுக்கு ஆகாது என்று ஆங்கிலேயன் கைவிட்டதை, சுதந்திரம் பெற்ற நாம் ஏன் இன்னும் கட்டிக் காக்க வேண்டும்?

அட்டையை எப்போதும் சுமப்பதால் வரும் தொல்லை வேறு. கைப்பை வழிப்பறியானால் அட்டையும் போகிறது, நாமே தொலைத்துவிட்டாலோ அபராதம் கட்ட வேண்டியிருக்கிறது. அடுக்குமாடி வாயிலில் நிற்கும் பாதுகாவலர்கூட அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொள்கிறார். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தேசியப் பதிவிலாகாவே கூறியும் இது நிற்கவில்லை. இதற்கிடையே, 2010 ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது என்பதால், அட்டையின் வழியே அரசிடம் சேரும் விவரங்களுக்கு அச்சட்டத்தின் காப்பு எங்களுக்கு இல்லை.

எனவே, நாங்கள் பணிவுடன் கோருவது இது. உடன் வைத்திருக்கும் கட்டாயம் சட்டத்தின் வழியாக அன்றி, அமைச்சர் வகுக்கும் விதிமுறையின் வழியாக வந்ததாகும். அதைத் திருத்தத் தங்கள் கையொப்பம் போதும் என்று நம்புகிறோம். அட்டை கையில் இல்லாத ஒருவர் தம் பெயரையும் எண்ணையும் முகவரியையும் கூறினால், தங்கள் அமைச்சின் கீழேயே உள்ள தேசியப் பதிவிலாகாவின் பதிவேட்டில் அதைச் சரிபார்க்க வேண்டும். அதிலும் ஐயம் நீங்காவிடில், ஏழு நாளுக்குள் எந்தக் காவல் நிலையத்திலும் அட்டையைக் காட்ட அவகாசம் தர வேண்டும். அட்டை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் தடுத்து வைக்கக் கூடாது. சீருடை அணியாத காவலர், அட்டை கேட்கும் முன் தம் அதிகார அட்டையைத் தாமே காட்ட வேண்டும். பணி இடைநீக்கம் பெற்ற காவலரின் அட்டை சிவப்பு நிறம் என்று வழக்கறிஞர் மன்றத்தின் கையேடு கூறுகிறது. இருட்டில் நிற்பவர் நிறத்தைப் பார்த்தறிய அட்டை கண்ணெதிரே வந்தால்தானே முடியும்? நிறுத்திய காரணம், நேரம், இடம், காவலரின் எண் ஆகியவற்றைக் குறித்த துண்டுச்சீட்டு ஒன்றையும் நிறுத்தப்பட்டவரிடம் தர வேண்டும். 2023 ஜூலை முதல் செயல்படும் காவல்துறை நடத்தை ஆணையத்திடம் புகார் செய்யலாம் என்கிறார்கள். யார், எப்போது நிறுத்தினார் என்ற பதிவே இல்லாதபோது எதைக்கொண்டு புகார் எழுதுவது?

இவை குறித்துத் தங்களை நேரில் சந்தித்து விளக்க எங்கள் வட்டாரத்திலிருந்து ஐவர் வரத் தயாராக உள்ளோம். முப்பது நாளுக்குள் எழுத்துவழிப் பதிலை எதிர்பார்க்கிறோம். வரும்போது எல்லாரும் அடையாள அட்டையோடுதான் வருவோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
செந்தூல் வட்டாரக் குடியிருப்பாளர்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல்